ஜெயித்ததற்குக் கிடைத்தது ஒரு டாலர்!

1986 ஜூலை மாதம். நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் ஜூரிகள் தீர்ப்பைச் சொல்ல வெளியே வந்தார்கள். வழக்குப் போட்டது யு.எஸ்.எஃப்.எல். என்ற சின்ன விளையாட்டு லீக். எதிர்த் தரப்பில் அமெரிக்காவின் ஜாம்பவான் லீக்கான என்.எஃப்.எல். ‘சந்தை மொத்தத்தையும் வளைத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பிழைக்க விடவில்லை’ என்பது புகார். ‘ஆமாம், தப்புதான்’ என்றார்கள் ஜூரிகள். சரி, நஷ்டஈடு எவ்வளவு? ஒரு டாலர். சட்டப்படி அதை மூன்று மடங்காக்கினார்கள். மூன்று டாலர் ஆயிற்று. பிறகு வட்டியும் சேர்ந்து வந்த காசோலையில் இருந்தது 3 டாலர் 76 சென்ட். கேட்டிருந்ததோ 100 கோடி டாலருக்கும் மேல்!

அந்தச் சின்ன லீக்கில் ‘நியூ ஜெர்ஸி ஜெனரல்ஸ்’ என்றோர் அணி. அதன் முதலாளி, அப்போது நாற்பது வயதான ஒரு கட்டட வியாபாரி. பெயர் டொனால்ட் டிரம்ப். வசந்த காலத்தில் ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த லீக்கை, ‘இலையுதிர் காலத்துக்கு மாற்றுவோம், பெரியவர்களோடு நேருக்கு நேர் மோதுவோம்’ என்று இழுத்துக்கொண்டு போனவர்களில் முக்கியமானவர் அவர்தான். மோதலுக்கு முன்பே, அந்த ஒரு டாலர் தீர்ப்போடு கடையைச் சாத்திவிட்டார்கள்.

இது மெஸ்ஸி ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, எதிரே வருபவனை முட்டித் தள்ளி முன்னேறும் அமெரிக்க ஃபுட்பால். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. அடிப்படை அவ்வளவுதான். மீதி விதிகளை அமெரிக்காவில் பத்து வருடம் குடியிருந்தவர்களே பாதிதான் சொல்வார்கள்.

இந்த ஆட்டத்தின் எதிர்காலம் என்ன என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். என்.எஃப்.எல்.லைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லை. 32 அணிகள். 2021-ல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு போட்ட 11 வருட ஒப்பந்தங்களின் மதிப்பு மட்டும் சுமார் 11,000 கோடி டாலர். 2025 சூப்பர் பவுல் ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 12 கோடிப் பேருக்கும் மேல் பார்த்தார்கள். ஆனால், அந்த ஆலமரத்தின் நிழலில் எது முளைத்தாலும் வாடிவிடுகிறது.

1974-ல் டபிள்யூ.எஃப்.எல். வந்தது, மறுவருடம் சீசன் பாதியிலேயே நின்றது. 1983-ல் யு.எஸ்.எஃப்.எல்., கதை மேலே சொன்னதுதான். 2001-ல் மல்யுத்த நிகழ்ச்சிகள் நடத்தும் வின்ஸ் மெக்மஹோன் எக்ஸ்.எஃப்.எல். ஆரம்பித்தார், ஒரே சீசன். 2020-ல் அவரே மறுபடி ஆரம்பித்தார். ஐந்து வாரம் ஆடினார்கள், கொரோனா வந்தது, திவால். அதை 1.5 கோடி டாலருக்கு வாங்கிய கூட்டணியில் இருந்தவர், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ‘தி ராக்’ டுவெய்ன் ஜான்சன்.

இவற்றில் மிகவும் வயிற்றெரிச்சலான கதை 2019-ல் வந்த ‘அலையன்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஃபுட்பால்’. சூப்பர் பவுல் முடிந்த அடுத்த வாரம் அமர்க்களமாகத் தொடங்கினார்கள். வீரர்களுக்கு மூன்று வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் என்று ஒப்பந்தம், ஆனால் உத்தரவாதம் கிடையாது. சில வாரங்களிலேயே பணம் முடை. டாம் டண்டன் என்ற செல்வந்தர் 25 கோடி டாலர் தருவதாக வந்தார். எட்டு வாரம் ஓடியது. ஏப்ரல் 2-ம் தேதி, சீசன் முடிய இரண்டே வாரம் இருக்கும்போது, எல்லாம் நிறுத்தப்பட்டது. காலையில் பயிற்சிக்குக் கிளம்பியவர்களுக்குச் சாயங்காலம் வேலை இல்லை. ஊருக்குத் திரும்பும் செலவும் ஹோட்டல் பில்லும் தங்கள் தலையில் விழுந்ததாக வீரர்கள் சமூக வலைதளங்களில் எழுதினார்கள். பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஆர்லாண்டோ அணிக்குக் கோப்பைகூடக் கிடைக்கவில்லை, இறுதியாட்டமே நடக்கவில்லையே!

ஏன் ஒன்றுமே நிலைப்பதில்லை? முதல் காரணம் காலண்டர். அமெரிக்காவில் இலையுதிர் காலத்து வெள்ளி இரவு பள்ளி ஆட்டத்துக்கு, சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்துக்கு, ஞாயிறு என்.எஃப்.எல்.லுக்கு. இது வெறும் பழக்கம் இல்லை. அணிகள் ஒன்றுசேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்க என்.எஃப்.எல்.லுக்கு அனுமதி தந்த 1961-ம் வருடச் சட்டமே, பள்ளி கல்லூரி ஆட்ட நாள்களில் அது குறுக்கே வரக் கூடாது என்று வேலி போட்டிருக்கிறது. ஆக, புதிதாக வருபவருக்கு மிச்சம் இருப்பது வசந்த காலம். அப்போது ரசிகர்கள் ஐந்து மாதம் ஃபுட்பால் பார்த்துக் களைத்திருப்பார்கள். கூடைப்பந்தும் பேஸ்பாலும் வேறு கூப்பிடும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேஸ்பாலில் பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு சின்ன அணிகள், மொத்தம் 120. அங்கே ஆடும் பையன்களுக்குச் சம்பளம் கொடுப்பது பெரிய அணிதான். நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது வயல்காரரின் பொறுப்பு என்ற கணக்கு. என்.எஃப்.எல்.லுக்கு அந்தச் செலவு வேண்டியிருக்கவில்லை. கல்லூரிகள் நாற்றை வளர்த்து, பிடுங்கி, கட்டுக் கட்டாக இலவசமாகக் கொடுத்துவிடுகின்றன. அப்புறம் எதற்குச் சின்ன லீக்? ஐரோப்பாவில் தன் செலவில் ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள், 2007-ல் நஷ்டம் போதும் என்று மூடிவிட்டார்கள்.

ஆனால், கல்லூரி முடியும்போது எல்லாப் பையன்களும் பழுத்துவிடுவதில்லையே. கர்ட் வார்னரை 1994-ல் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. பயிற்சிக்கு அழைத்த ஒரே அணியும் சில வாரங்களில் அனுப்பிவிட்டது. அயோவா மாநிலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு, ராத்திரி வேளையில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பிறகு, கூரை போட்ட அரங்கத்துக்குள் பாதி அளவு மைதானத்தில் ஆடும் ‘அரீனா’ ஃபுட்பாலில் மூன்று வருடம். பிறகு, அந்த ஐரோப்பிய லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அணி. 1999-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதன்மை குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போனதால் வாய்ப்பு வந்தது. அந்த சீசனிலேயே சூப்பர் பவுல், ஆட்ட நாயகன் விருது. அவர் ஏறி வந்த இரண்டு படிகளுமே இன்று இல்லை. அரீனா லீக் 2009-ல் ஒரு தடவையும் 2019-ல் இன்னொரு தடவையும் திவாலானது.

இதே வார்னர் பிற்பாடு பணம் போட்ட திட்டங்களில் ஒன்று நமக்கும் பக்கத்தில்தான் நடந்தது. 2012-ல் ‘எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா’ என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ‘சென்னை ஸ்வார்ம்’, ‘கொழும்பு லயன்ஸ்’ என்றெல்லாம் அணிகள். கொழும்பு சுகததாச மைதானத்தில்கூட ஆட்டங்கள் நடந்தன. ஞாபகம் இல்லையென்றால் குறைப்பட்டுக்கொள்ள வேண்டாம், பலருக்கும் இல்லை.

இப்போது களத்தில் இருப்பது யு.எஃப்.எல். மறுபிறவி எடுத்த யு.எஸ்.எஃப்.எல்.லும் எக்ஸ்.எஃப்.எல்.லும் தனித்தனியே நஷ்டப்படுவதைவிடச் சேர்ந்து பார்க்கலாம் என்று இணைந்து, 2024-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. இதற்குப் பின்னால் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இருக்கிறது. அதுதான் முன்னவர்களுக்கு இல்லாத பலம். வசந்த கால வார இறுதியில் ஒளிபரப்ப அவர்களுக்கும் ஏதாவது வேண்டும்.

வாசலையும் திறந்துதான் விடுகிறது. பிராண்டன் ஆப்ரி என்ற மென்பொருள் பொறியாளர், முன்பு மெஸ்ஸி ஆடும் வகை ஃபுட்பால் ஆடியவர். டி.வி.யில் ஓர் உதை ஆட்டக்காரரைப் பார்த்த மனைவி, ‘இதை நீங்களும் செய்யலாமே’ என்றாராம். பர்மிங்ஹாம் அணிக்காக இரண்டு சீசன் உதைத்தார். 2023-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் கூப்பிட்டது. இன்று என்.எஃப்.எல்.லின் முதல்தர உதையாளர்களில் ஒருவர். செங்கல் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த ஜேக் பேட்ஸ், 2024-ல் மிச்சிகன் அணிக்காக 64 கெஜத்திலிருந்து கோல் அடித்தார். சில மாதங்களில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் இருந்தார்.

கவனித்தீர்களா, இரண்டு பேருமே உதைப்பவர்கள். யாரும் மேலே விழாமல் தள்ளி நின்று பந்தை உதைக்கும் வேலை. மற்றவர்கள் வண்டிக்கு வண்டி மோதுவதுபோல மோத வேண்டும். அதற்கு யு.எஃப்.எல். முதல் சீசனில் தந்த சம்பளம் சுமார் 55,000 டாலர். என்.எஃப்.எல்.லில் அறிமுகமாகும் பையனுக்கு 2025-ல் குறைந்தபட்சமே 8,40,000 டாலர். வீரர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். சேர்ந்திருப்பது எஃகுத் தொழிலாளர் சங்கத்தோடு, பொருத்தமான இடம்தான். சம்பளத்தோடு அவர்கள் கேட்ட இன்னொரு விஷயம் மருத்துவக் காப்பீடு.

அது ஏன் என்று சொல்கிறேன். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002-ல் ஐம்பது வயதில் இறந்தார். நான்கு சூப்பர் பவுல் ஜெயித்த அந்த மனிதர், கடைசிக் காலத்தில் நினைவு குழம்பி, தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கியவர். நைஜீரியாவிலிருந்து வந்திருந்த டாக்டர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, குத்துச்சண்டைக்காரர்களிடம் பார்த்த சிதைவு தெரிந்தது. சி.டி.இ. என்கிறார்கள். திரும்பத் திரும்பத் தலையில் படும் அடியால் வருவது. 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-ல் இது இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் தானம் செய்தன என்பதால், ‘நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு வரும்’ என்று படித்துவிடக் கூடாது. ஆனால், அலட்சியப்படுத்தவும் முடியாது. ஓய்வுபெற்ற வீரர்கள் போட்ட வழக்கில் என்.எஃப்.எல். இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறது. என்.எஃப்.எல். வாசலையே மிதிக்காமல், யு.எஃப்.எல். போன்ற தனி லீக்குகளில் மட்டும் மோதிவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடம் இல்லை.

அம்மாக்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2008-09-ல் பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடியவர்கள் சுமார் 11 லட்சம். கொரோனாவுக்குப் பிறகு அது 10 லட்சத்துக்கும் கீழே இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறியது. வேகமாக வளர்வது ‘ஃபிளாக்’ ஃபுட்பால். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் ஆள் அவுட்; மோதல் கிடையாது. பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறப்போவதும் இதுதான். நியூ ஜெர்ஸியிலோ டெக்சாஸிலோ பேரன் ‘ஃபுட்பால் சேரட்டுமா’ என்று கேட்டால், ‘எந்த ஃபுட்பால்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கிடையே கல்லூரிகளின் இலவச நாற்றங்காலும் மாறிவிட்டது. 2025 ஜூனில் வந்த நீதிமன்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு வருடத்துக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். நல்ல கல்லூரியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு யு.எஃப்.எல். சம்பளம் இனி சில்லறைக் காசு. அந்தப் பையன்கள் வசந்த லீக்குக்கு எதற்காக வருவார்கள்? வேறு எந்தக் கதவும் திறக்காதபோது மட்டும்தான். இப்போதும் அப்படித்தான் வருகிறார்கள் என்றாலும், இனி வருகிறவர்கள் இன்னும் வயது கூடி வருவார்கள் என்று தோன்றுகிறது.

2025-ல் யு.எஃப்.எல்.லில் மைக் ரெபோல் என்ற புது முதலீட்டாளர் சேர்ந்தார். பானங்கள் தயாரித்து கோகோ கோலாவுக்கு விற்றுச் சம்பாதித்தவர். வந்தவுடன் அவர் செய்தது, 70,000 இருக்கையில் 10,000 பேர் உட்கார்ந்து பாலைவனமாகத் தெரியும் மைதானங்களை விட்டுவிட்டு, சாக்கர் அணிகளின் சின்ன மைதானங்களுக்குப் போவது. எனக்கு இது இத்தனை வருடத்தில் எடுத்த முதல் புத்திசாலித்தனமான முடிவாகத் தெரிகிறது. என்.எஃப்.எல்.லைப் போல வேஷம் கட்டாமல், நம் அளவு இதுதான் என்று ஒப்புக்கொள்வது. செயின்ட் லூயிஸ் மட்டும் விதிவிலக்கு. 2016-ல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன கோபத்தில் இருக்கும் அந்த ஊர், தன் ‘பேட்டில்ஹாக்ஸ்’ அணிக்குப் பெருங்கூட்டமாகத் திரண்டு வந்து கத்துகிறது.

இந்த மாற்றத்தில் மூன்று ஊர்கள் அணியை இழந்தன. ஜேக் பேட்ஸ் ஆடிய மிச்சிகன் ஒன்று, சான் அன்டோனியோ ஒன்று. மூன்றாவது மெம்ஃபிஸ். 1974-ல் டபிள்யூ.எஃப்.எல். வந்தபோது அங்கே ‘சவுத்மென்’ இருந்தது. 1984-ல் யு.எஸ்.எஃப்.எல்.லின் ‘ஷோபோட்ஸ்’. 1995-ல் கனடா லீக்கே வந்து ஓர் அணி வைத்து ஒரு வருடத்தில் போனது. 2001-ல் ‘மேனியாக்ஸ்’, 2019-ல் ‘எக்ஸ்பிரஸ்’, 2023-ல் மறுபடி ‘ஷோபோட்ஸ்’. ஒவ்வொரு தடவையும் அந்த ஊர்க்காரர்கள் புது நிறத்தில் பனியன் வாங்கினார்கள். 2026-க்காக லூயிவில், கொலம்பஸ், ஆர்லாண்டோ என்று புது ஊர்களை அறிவித்திருக்கிறார்கள். அங்கே பனியன் விற்பனை தொடங்கிவிட்டது.