மேஜை துடைத்தவர் கல்லாவில் உட்காரும் வழி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பொழுது விடியும் முன்பே ஓட்டல் அடுப்புகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். இரவு ஷிப்டு முடிந்து திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். காசிமேட்டில் மீன் வாங்கிக் கூடையோடு வரும் பெண்கள். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்கள். எல்லோருக்கும் சூடாக இட்லி வேண்டும், டீ வேண்டும்.

அங்கே ஒரு வாலிபர் இலை எடுக்கிறார். மேஜை துடைக்கிறார். தண்ணீர் வைக்கிறார். இரண்டு வருஷம் போனால் அவர் சர்வர் ஆவார். இன்னும் நாலு வருஷம் போனால் டீ மாஸ்டரோ, தோசை மாஸ்டரோ ஆகலாம். அதற்குப் பிறகு?

வீட்டில் இருக்கும் தாய் கேட்கும் கேள்வி அதுதான். "எம்புள்ள கடைசி வரைக்கும் அடுத்தவன் கடையிலேயே நிக்க வேண்டியதுதானா?"

நன்றாக உழைத்தால் முன்னுக்கு வரலாம் என்று எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஓட்டல்களில் உழைக்காத சிப்பந்தி யார்? எல்லோரும்தான் உழைக்கிறார்கள். ஆனால் எல்லோரும் கல்லாவுக்கு வந்து சேர்வதில்லை. வந்து சேர்ந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்று பார்த்தால்தான் மீதிப் பாதி விளங்கும்.

எழுநூறு ரூபாய் ஓட்டல்

ராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது ஜார்ஜ் டவுன். அங்கே ஆச்சாரப்பன் தெரு என்று ஒரு தெரு. நூறு வருஷங்களுக்கு முன்னால், 1920களில், அந்தத் தெருவில் ஒரு சிறு ஓட்டல் இருந்தது. அதில் வேலை செய்தவர் கே. கிருஷ்ணராவ்.

அவர் 1898இல் உடுப்பி வட்டாரத்தில் கடந்தலே என்ற கிராமத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்தார். கையில் காசு கிடையாது. சமையல்கட்டில் எடுபிடியாக இருந்தார். எந்த வேலை கொடுத்தாலும் செய்தார்.

அவருடைய முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆச்சாரப்பன் தெரு ஓட்டலைக் கிருஷ்ணராவுக்கே கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். விலை 700 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. எடுபிடி வேலை செய்கிறவர் அதற்கு எங்கே போவார்? முதலாளி அதற்கும் வழி சொன்னார். மாதம் 50 ரூபாய் வீதம் கொடுத்தால் போதும்!

மாதம் 50 ரூபாய் என்றால் 14 மாதத்தில் 700 ரூபாய். அந்த 50 ரூபாயும் கிருஷ்ணராவின் சேமிப்பிலிருந்து வர வேண்டியதில்லை. கடை நடந்தால் கடையிலிருந்தே வரும். கடை நடக்குமா என்பது முதலாளிக்குத் தெரியும், ஏனென்றால் அது அவர் நடத்திய கடை. ஆள் தேறுவாரா என்பதும் தெரியும், ஏனென்றால் அவர் கூடவே இருந்த ஆள். எந்த பாங்கியும் இவ்வளவு விவரம் தெரிந்து கடன் கொடுப்பதில்லை.

அங்கிருந்து கிருஷ்ணராவ் மவுண்ட் ரோடுக்குப் போனார். உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ் வந்தது. 1938இல் ராயப்பேட்டையில் ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1952இல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ். 1962இல், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம் என்று டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். அது 2008இல் மூடப்பட்டபோது சென்னையில் வருத்தப்படாத காப்பிப் பிரியர் இல்லை! இவ்வளவுக்கும் முதல் படி ஆச்சாரப்பன் தெருவில் கிடைத்த தவணைதான்.

வாய்ப் பேச்சில் போன பங்கு

எல்லோருக்கும் அப்படி ஒரு முதலாளி வாய்ப்பதில்லை. தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்தைச் சேர்ந்த பிரேம் கணபதியின் கதையைக் கேளுங்கள்.

பத்தாவது வரை படித்தார். சென்னைக்கு வந்து சில்லறை வேலைகள் பார்த்தார். மாதம் 250 ரூபாய் சம்பளம். 1990இல், பம்பாய்க்கு வந்தால் இதைவிட நல்ல சம்பளம் என்று ஒருவர் அழைத்துப் போனார். பாந்த்ரா ஸ்டேஷனில் அந்த ஆள் அவரைத் தனியே விட்டுவிட்டு மறைந்துவிட்டார். வயது 17. இந்தி தெரியாது. பையில் பணமும் இல்லை. ஊர் திரும்ப டிக்கெட்டுக்குப் பணம் திரட்டித் தருகிறோம் என்று அங்கிருந்த தமிழர்கள் சொன்னார்கள். பையன் திரும்ப மறுத்துவிட்டார். மாஹிமில் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவப் போனார். மாதம் 150 ரூபாய். இரவு படுக்கையும் அங்கேயேதான்.

பிறகு ஒரு டீக்கடையில் வேலை. டீயைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதே எந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்வார். மற்றப் பையன்களைவிட அவர் கையில் வியாபாரம் அதிகம். இதைக் கவனித்த வாடிக்கையாளர் ஒருவர், "நான் பணம் போடுகிறேன், நீ கடையை நடத்து, லாபத்தில் பாதிப் பாதி" என்றார். கடை நன்றாக நடந்தது. லாபம் பெருகியதும் பணம் போட்டவருக்கு மனம் மாறிவிட்டது. பாதி லாபம் எதற்குக் கொடுக்க வேண்டும், சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்தால் போதாதா? பிரேம் வெளியே வந்துவிட்டார்.

கிருஷ்ணராவுக்குக் கிடைத்த முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். பிரேமுக்குக் கிடைத்த கூட்டாளி அப்படி இல்லை. இரண்டு பேரின் உழைப்பில் குறையே கிடையாது. இங்கே ஒரு ஸ்டாம்பு பேப்பர் இருந்திருந்தால்?

1992இல் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினார். ஒரு தள்ளுவண்டியை வாடகைக்கு எடுத்தார். நவி மும்பையில் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே இட்லி, தோசை விற்கத் தொடங்கினார். ஊரிலிருந்து தம்பிகளும் வந்து சேர்ந்தார்கள். நகராட்சிக்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவதும், அபராதம் கட்டி மீட்டு வருவதுமாகப் பல மாதங்கள் ஓடின. பின்னர்தான் சொந்தக் கடை. சீனச் சாப்பாட்டு மசாலாவைத் தோசைக்குள் வைத்துப் பார்த்தார். இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். 'தோசா பிளாசா' என்ற பெயர் பரவியது. 2003இல் ஒரு வணிக வளாகத்துக்குள் கடை போட்டார். உங்கள் பெயரில் எங்கள் ஊரிலும் கடை நடத்துகிறோம் என்று பலர் தேடி வந்தார்கள். வெளிநாட்டிலும் கிளைகள் வந்தன. 150 ரூபாய்க்குப் பாத்திரம் கழுவியவர், மற்றவர்களுக்குக் கிளை உரிமை கொடுப்பவர் ஆனார்!

பெயருக்கு வாடகை

கிளை உரிமை என்றால் என்ன? ஆங்கிலத்தில் பிரான்சைஸ் என்கிறார்கள். கடை உங்களுடையது. பெயர் இன்னொருவருடையது. அந்தப் பெயரைப் பலகையில் போட ஆரம்பத்தில் ஒரு தொகை. பிறகு மாதந்தோறும் விற்பனையில் ஒரு பங்கு. மாவு, மசாலா, மேஜை, நாற்காலி எல்லாம் அவர்கள் சொல்கிறபடிதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பங்கு பெரும்பாலும் விற்பனையில்தான் போகிறது, லாபத்தில் இல்லை. எடுத்துக்காட்டாக, ஒரு நாள் விற்பனை 10,000 ரூபாய் என்று வையுங்கள். பங்கு நூற்றுக்கு ஐந்து என்றால் 500 ரூபாய் போய்விடும். அன்றைக்கு லாபம் 2,000 ஆனாலும் 500தான். நஷ்டமே வந்தாலும் 500தான்! கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. பெண்கள் இந்தக் கணக்கை ஆண்களைவிட நன்றாகவே போடுவார்கள். மாதக் கடைசியை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தானே!

ஆனால் சிப்பந்திக்கு அந்தக் கணக்குவரை போகவே வழி இல்லை. முன்பணம் லட்சக்கணக்கில் வேண்டும். ஆகவே கிளை உரிமை வாங்குகிறவர் பெரும்பாலும் கையில் பணம் இருக்கிறவர். அவருக்குத் தோசை வார்க்கத் தெரிய வேண்டிய அவசியமில்லை. தோசை வார்க்கத் தெரிந்தவர் அவரிடம் சம்பளத்துக்கு நிற்பார்.

எங்கேயும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய டோமினோஸ் பீட்சாக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் அதன் கிளை உரிமையாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதே கம்பெனியில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் டிரைவராகவோ கடைச் சிப்பந்தியாகவோ தொடங்கியவர்கள் என்று கம்பெனியே பெருமையாகச் சொல்கிறது. கடையை நடத்திப் பழகியவருக்குத்தான் கடை என்பது அவர்கள் கொள்கை. நல்ல கொள்கை!

அதே பீட்சா 1996இல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே எல்லாக் கடைகளையும் ஜூபிலண்ட் என்ற ஒரே கம்பெனி நடத்துகிறது. தனி ஆட்களுக்குக் கிளை கிடையாது. அது அவர்கள் வியாபார முறை. சட்டப்படி தவறொன்றும் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அமெரிக்காவில் பீட்சா கொண்டு போகும் பையனுக்கு முன்னால் இருக்கும் ஏணி முதலாளி நாற்காலிவரை போகிறது. சென்னையில் அதே உடுப்பு போட்ட பையனுக்கு அது மானேஜர் நாற்காலியோடு நின்றுவிடுகிறது.

ரசீது இல்லாத உழைப்பு

பாங்கியில் கடன் கிடைக்காதா? கிடைக்கும். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ஒரு வகை, 5 லட்சம் வரை இன்னொரு வகை என்று வைத்திருக்கிறார்கள். சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் மானேஜர் ஒன்று கேட்பார்: "இத்தனை வருஷம் எங்கே வேலை செய்தீர்கள்? என்ன சம்பளம்? காகிதம் இருக்கிறதா?"

அங்கேதான் சிப்பந்தி விழிக்கிறார். பல சிறு ஓட்டல்களில் தினமும் இரவு கல்லாவிலிருந்து கையில் எண்ணிக் கொடுப்பதுதான் சம்பளம். பத்து வருஷம் வாங்கினாலும் பத்து பைசாவுக்கு ரசீது கிடையாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் சேமநல நிதி பிடிக்க வேண்டும் என்பது சட்டம். பிடித்தால் கையில் வருவது குறையும் என்று சிப்பந்திகளே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. இது பெரிய தவறு. அந்தப் பாஸ்புக் முதுமைக்கு மட்டும் உதவுவதல்ல. இந்த ஆள் இத்தனை வருஷம் ஒழுங்காக வேலை செய்தார் என்பதற்கு அதுவே சாட்சி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

(14 வயது நிறையாத பிள்ளைகளை ஓட்டல் வேலையில் வைப்பது 2006 முதல் குற்றம். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையைக் 'தொழில் கற்றுக்கொள்ளட்டும்' என்று அனுப்பும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.)

கான்டீன் வாசல்

வடசென்னைக்கு மற்ற இடங்களில் இல்லாத ஒரு வசதி உண்டு. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எப்., ராயல் என்பீல்டு என்று பெயர் பெற்ற தொழிற்சாலைகள் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் எழுந்தன. அவற்றைச் சுற்றிச் சிறியவை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கான்டீன் வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்திருக்கிறது. அப்படியானால் இதுவரை கான்டீன் இல்லாத தொழிற்சாலைகளிலும் இனி அடுப்பு எரிய வேண்டும்.

கான்டீனில் இன்னொரு சௌகரியம். கட்டடம் தொழிற்சாலையுடையது. வாடிக்கையாளரைத் தேட வேண்டாம். சங்கு ஊதினால் அவர்களே வருவார்கள். வேண்டியது சமைக்கத் தெரிந்த நாலு பேரும், கணக்குத் தெரிந்த ஒருவரும். முன்பணம் வைத்துப் பெயர்ப் பலகை வாங்குவதைவிட, நாலு சிப்பந்திகள் பதிவு செய்துகொண்டு ஒரு சிறு கான்டீன் ஒப்பந்தம் எடுப்பது நடக்கக்கூடிய காரியம். இதற்கு வழி காட்டத் தொழிற்சங்கங்கள் முன்வரலாம். சம்பள உயர்வுக்குக் கொடி பிடிக்கிறவர்கள், தங்களுக்குச் சோறு போடுகிறவர்களையும் கொஞ்சம் நினைக்கலாம்.

ஆனாலும் முதல் வழி முதலாளிகளிடம்தான் இருக்கிறது. நன்றாக நடக்கும் ஓட்டலின் முதலாளி இன்று என்ன செய்கிறார்? இரண்டாவது கடை போடுகிறார். அதற்கு மானேஜர் கிடைக்காமல் திண்டாடுகிறார். பழைய மாஸ்டரை அங்கே அனுப்பினால் இங்கே ருசி போகிறது. சம்பளம் போதாமல் அந்த மாஸ்டரும் ஒரு நாள் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறார். புது ஆள் வந்து சாம்பார் கெட்டு, வாடிக்கை குறைந்து, ஆறு மாதத்தில் கடைக்குப் பூட்டு. இதில் யாருக்கு லாபம்?

அந்த இரண்டாவது கடையை மாஸ்டர் பெயரிலேயே தவணைக்குக் கொடுத்தால் என்ன? விலை இவ்வளவு, மாதம் இவ்வளவு, இத்தனை மாதத்தில் கடை அவருக்கு. பெயரைப் பயன்படுத்த ஒரு சிறு பங்கு. எல்லாம் பத்திரத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. தவணை தவறினால் என்ன என்பதும் அதிலேயே இருக்கட்டும். முதலாளிக்குப் பணம் வருகிறது. பெயரும் கெடவில்லை. மாஸ்டர் எதிர்க் கடைக்கு ஓட மாட்டார், ஏனென்றால் இப்போது ஓடினால் தன் கடையை விட்டு ஓட வேண்டும்!

தண்டையார்பேட்டையிலோ கல்மண்டபத்திலோ இரண்டாவது கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும் முதலாளி, 'மானேஜர் தேவை' என்று பலகை எழுதுவதற்கு முன், தம் கடையில் தோசைக் கல்லின் முன்னால் நிற்கிறவரை ஒரு நாள் இரவு கடை கட்டிய பிறகு எதிரே உட்காரவைத்து, கணக்கு நோட்டைத் திறந்து காட்டட்டும்.