கூப்பிட்டு வந்த ஏழு பேர்

கோடை பிறந்தால் எங்கள் தாமிரபரணிக் கரை ஊர்களில் கபடிப் போட்டி நோட்டீஸ்கள் டீக்கடைச் சுவர்களுக்கு வந்துவிடும். ஆழ்வார்திருநகரியில் நாலு பேர் கூடினால், எந்த ஊர் அணி வருகிறது என்பதைவிட யாரை இறக்கப்போகிறார்கள் என்பதுதான் பேச்சு. நல்ல ரைடர் ஒருவனை வெளியூரிலிருந்து கூப்பிட்டு வந்து, தங்கள் பனியனை மாட்டி ஆட வைப்பதுதான் ‘ஆள் இறக்குவது’. உள்ளூர்ப் பையன்களுக்கு மட்டுமே இடம் என்று தடை போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் நியாயம் புரிகிறது. ஆனாலும் அந்தத் தடை வேண்டாம் என்பது என் கட்சி.

கூப்பிட்டு வந்தவர்களை வைத்தே நூற்றாண்டைத் தாண்டிய ஓர் அணி ரக்பியில் இருக்கிறது. ரக்பியிலும் கபடியைப் போல ஏழு பேர் ஆட்டம் உண்டு. 1883-ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில், கிளப்பில் பணம் இல்லாத நேரத்தில், நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் சொன்ன யோசனை அது. பதினைந்து பேரை ஏழாகக் குறைத்தார்கள்; மைதானத்தைக் குறைக்கவில்லை. இன்றும் நூறு மீட்டர் நீளமும் எழுபது மீட்டர் அகலமும் உள்ள முழு மைதானத்தில்தான் ஏழு பேர் ஓடுகிறார்கள். பாதி ஆட்டம் ஏழே நிமிடம். அதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

நான் சொல்லும் அணியின் பெயர் பார்பேரியன்ஸ். 1890-ல் இங்கிலாந்தில் பெர்சி கார்ப்மேல் தொடங்கியது. சொந்த மைதானம் இல்லை, கட்டடம் இல்லை. விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது, கூப்பிட்டால்தான் போகலாம். ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும், களத்திலும் வெளியிலும் நடத்தை சரியாக இருக்க வேண்டும். பார்ப்பது இந்த இரண்டையும்தான். சில நாட்கள் கூடியிருந்து ஆடிவிட்டு அவரவர் கிளப்புக்குத் திரும்பிவிடுவார்கள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை எல்லோருக்கும் ஒன்றுதான். காலுறை மட்டும் அவரவர் சொந்தக் கிளப்பினுடையது. யாரும் தன் ஊரை மறைக்க வேண்டியதில்லை, ஊரைச் சொல்லி முறைக்கவும் வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

பதினைந்து பேர் ஆட்டத்தில்தான் இவர்களுக்குப் பெயர் அதிகம். ஏழு பேர் ஆட்டத்திலும் சோடை போகவில்லை. 1934-ல் லண்டனில் மிடில்செக்ஸ் செவன்ஸை வென்றார்கள். 1981-ல் ஹாங்காங் செவன்ஸ் கோப்பையையும் தூக்கினார்கள். அந்த ஹாங்காங் போட்டியே 1976-ல் அழைப்பின் பேரில் பிறந்ததுதான். முதல் ஆண்டிலேயே இலங்கையிலிருந்தும் அணி போயிருக்கிறது. அதிகம் சேர்ந்து ஆடாதவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? அவ்வளவு பெரிய மைதானத்தில் தனியாக ஓடிக் கரைசேர முடியாது. பக்கத்தில் வருகிறவன் பிடிப்பான் என்று நம்பிப் பந்தைக் கொடுத்தாக வேண்டும். கபடியில் கைகோத்து நிற்கும்போது வருகிற நம்பிக்கை அது. கைகோத்த பிறகு இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க நேரம் ஏது?

அழைப்பிலும் கறை படியும். ரக்பியில் எல்லா வகுப்பு நல்ல மனிதருக்கும் இடமுண்டு, எந்த வகுப்பானாலும் முறைகேடாய் ஆடுகிறவனுக்கு இடமில்லை என்ற பொருளில் பார்பேரியன்ஸுக்கு ஒரு கொள்கை வாசகம் இருக்கிறது. அதைச் சொன்ன டபிள்யூ. ஜே. கேரி தென்னாப்பிரிக்காவில் ஆயராக இருந்தவர். அதே தென்னாப்பிரிக்காவில் பல காலம் நிறம் பார்த்தே ஆள் எடுத்தார்கள். 1979-ல் தென்னாப்பிரிக்க பார்பேரியன்ஸ் என்ற தனி அணி பிரிட்டனுக்குப் போனது: வெள்ளையர் எட்டு, கலப்பினத்தவர் எட்டு, கறுப்பர் எட்டு. எண்ணி எண்ணிக் கலந்த இந்தக் கலவை வெளிப்பூச்சுதான் என்று நிறவெறி எதிர்ப்பாளர்கள் கண்டித்தார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த அணியில் போன எரால் டோபியாஸ் 1981-ல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடினார். வெள்ளையர் அல்லாத ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. கணக்குக்காகக் கூப்பிட்டார்கள்; போனவர் ஆடிக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் அணி என்றால் பெரும்பாலும் தெரு, தெரு என்றால் சாதி. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், பரீட்சை எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவன் ஒருவனைக் கீழே இழுத்துப்போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடியில் தோற்ற ஆத்திரம்தான் காரணம் என்றார்கள் வீட்டார். அதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கபடி நோட்டீஸைப் பார்த்தாலும் அந்தப் பையனின் கைதான் நினைவுக்கு வருகிறது.

இதே மண்ணில்தான் மணத்தி கணேசனும் ஆடினார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தவர், அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையின் தூண்டலில் மாரி செல்வராஜ் ‘பைசன்’ எடுத்த பிறகு ஊர் பேர் தெரியாதவர்களும் மணத்தியைச் சொல்கிறார்கள். 2025-ல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கிலும் ஏழு பேர் ஆட்டம்தான். வென்றது சென்னை புல்ஸ். வெளிநாட்டு வீரர்களோடு நம் நாட்டுப் பையன்கள் தோளோடு தோள் சேர்ந்து ஆடினார்கள். பல தேசத்தார் ஒரே சட்டைக்குள் வரும்போது, பக்கத்துத் தெருக்காரன் வர மாட்டானா?

போட்டி நடத்தும் மன்றத்தாரிடம் என் வேண்டுகோள் இது. ஆள் இறக்குவதைத் தடுக்காதீர்கள். தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்து ஆட்டத்தையும் நடத்தையையும் மட்டும் பார்த்து ஏழு பேரை அழையுங்கள். வருகிறவர்கள் அவரவர் ஊர் பனியனிலேயே ஆடட்டும். போட்டி முடியும் இரவில், கோப்பை வென்ற அணியோடு ஒரு காட்சி ஆட்டம் வையுங்கள். பரிசுப் பணம் வேண்டாம், பஸ் செலவு போதும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்கும் ஒரே பந்தியில் இலை போடுங்கள்.