கட்டங்களுக்குள் அடைபட்ட கதை

அட்டவணை என்பது ஒரு கூற்று. கிடைவரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு பொருள் உண்டு என்று அது சொல்கிறது. ரயில் நேரங்களுக்கு அது பொருந்தும். இடக் கட்டத்தில் சுட்டிகளையும் நடுக் கட்டத்தில் சிறுகதையையும் அடைத்தால் அக்கூற்று பொய்யாகிவிடுகிறது.

இப்பொய்க்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் முதல் வரையறை வெளியானபோது உலாவிகள் அதை அரைகுறையாகவே புரிந்துகொண்டன. ஆயினும், அட்டவணை உத்தியைப் பரப்பிய டேவிட் சீகலே, வலையைத் தாம் பாழாக்கிவிட்டதாக 1997இல் எழுதினார். பக்க வடிவமைப்புக்காக மட்டும் அட்டவணையைக் கையாளலாகாது என்று அவ்வாண்டு டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 அறிவுறுத்தியது.

‘பார்க்க இரண்டும் ஒன்றுதானே?’ என்பார்கள். பார்ப்பவருக்கு ஒன்றுதான். திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்ற வாசகருக்கு? கட்டங்கள் எழுதப்பட்ட வரிசையிலேயே அவை அவர் காதில் விழுகின்றன. இடப்பக்கச் சுட்டிகள் அத்தனையும் ஒலித்து ஓய்ந்த பின்னரே கதையின் முதல் வரி வருகிறது. கைபேசியில் படிப்பவரோ ஒவ்வொரு வரிக்கும் திரையைப் பக்கவாட்டில் இழுக்கிறார். சிஎஸ்எஸ்ஸில் கதையை முதலில் எழுதலாம். சுட்டிகளை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். சிறு திரையில் எல்லாம் ஒரே பத்தியாக மடங்கும்.

2017இல் முக்கிய உலாவிகள் சிஎஸ்எஸ் கிரிட் முறையை ஏற்றதோடு கடைசிச் சாக்கும் போயிற்று. ஒற்றுப்பிழையைப் பொறுக்காத நாம், படைப்பையே துண்டாடும் இப்பிழையை மட்டும் ஏன் பொறுக்கிறோம்? நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதாலா?