தட்டும் பிசாசும்

"பறக்கும் தட்டில் உமக்கு நம்பிக்கை உண்டா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். கிடையாது, ஐயா. ஆனால் அதை விசாரித்தவர்களிடம் அந்த அளவு நம்பிக்கைகூட எனக்கு இல்லை.

1966 மார்ச்சில், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஹில்ஸ்டேல் கல்லூரி விடுதிப் பெண்கள் 80 பேருக்கு மேல் இரவில் ஒரு விசித்திர வெளிச்சத்தைக் கண்டார்கள். விமானப் படையின் ஆலோசகர், வானநூல் பேராசிரியர் ஹைனெக் வந்தார். சில தினங்களில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்றார். அதாவது, நம் பாட்டிமார் சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசு! இருக்கட்டுமே, நான் மறுக்கவில்லை. ஆனால் கண்டதைச் சொன்னவர்கள் ஊர் சிரிக்க நின்றார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு, அப்போது அம்மாகாணத்துப் பிரதிநிதி. அவரே பொறுக்காமல் காங்கிரஸ் விசாரணை கேட்டார்.

இந்த அலட்சியம் புதிதல்ல. 1953 ஜனவரியிலேயே சி.ஐ.ஏ. கூட்டிய விஞ்ஞானிகள் சில நாள் உட்கார்ந்து யோசனை சொல்லிவிட்டார்கள்: ஜனங்களின் ஆர்வத்தைத் தணிக்க வேண்டும்; இதை ஆராயும் தனியார் சங்கங்கள்மீது ஒரு கண் வைக்க வேண்டும். வானத்தை விட்டுவிட்டு, அண்ணாந்து பார்த்தவனைச் சந்தேகிக்கும் விசாரணை!

12,618 தகவல்களில் 701-க்கு விளக்கமில்லை என்று ஒப்புக்கொண்டே 1969-இல் கடையைக் கட்டினார்கள். அந்த 701-உம் வேற்றுக் கிரகவாசிகளே என்று குதிப்பவர்களும் எனக்கு உறவல்ல; விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதில் இருவரும் பங்காளிகள்.

ஹைனெக்? 1973-இல் அவரே தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, கண்டவர்களின் வாக்குமூலங்களைச் சேகரிக்க உட்கார்ந்துவிட்டார்.