காடாத் துணியில் ஒரு கைப்பை

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில் உண்டு. அத்தொழிலே அவ்வூருக்குப் பெயரும் பெருமையும் தேடித் தருகிறது. கோவைக்கும் திருப்பூருக்கும் இடையில் அமைந்துள்ள சோமனூருக்கு அப்பெருமையைத் தேடித் தந்தது விசைத்தறி. பாவும் ஊடையும் இணைந்து இங்கே உருவாகும் காடாத் துணி, வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் அச்சிடுவதற்குமாகப் பல ஊர்களுக்குச் செல்கிறது. அண்டையிலுள்ள திருப்பூரோ பின்னலாடையால் உலகெங்கும் அறியப்பட்டது. துணியே வாழ்வாகிய இம்மண்ணில் வாழும் நாம், கடைவீதிக்கு வெறுங்கையோடு சென்று, கடைக்காரர் தரும் பையோடு திரும்புகிறோம். இது எண்ணிப் பார்க்கத்தக்க முரண்பாடு அன்றோ?

நம் முன்னோர் இவ்வாறு சென்றாரில்லை. புறப்படும்போதே கையில் ஒரு துணிப்பை இருக்கும். துணிக்கடையில் பெற்றதும், திருமண வீட்டில் தாம்பூலத்துடன் கிடைத்ததுமான மஞ்சள் பை, கிழியும்வரை உழைத்தது. கிழிந்தபின் கைப்பிடித் துணியாகி அடுப்பங்கரையில் மேலும் சில காலம் பயன்பட்டது. பின்னர் வந்த நாகரிகம் மஞ்சள் பையை நாட்டுப்புறத்தாரின் அடையாளமாக்கி நகைத்தது. அந்நகைப்புக்கு அஞ்சியே நம் இளைஞர் பலர் துணிப்பையைக் கைவிட்டனர். விலையின்றிக் கிடைத்த பிளாஸ்டிக் பை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் விலையைச் சாக்கடைகளும் குளங்களும் மேய்ச்சல் மாடுகளும் கொடுத்துவருகின்றன.

அரசு வாளாவிருக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23ஆம் நாள் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. 2022ஆம் ஆண்டில் சென்னைக் கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் செலுத்தினால் மஞ்சள் பை தரும் இயந்திரமும் நிறுவப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் சட்டம் கடைக்காரரின் கையைத் தடுக்கலாம்; நம் கையில் பையைக் கொடுத்தனுப்ப அதனால் இயலாது. அது வீட்டில் தொடங்க வேண்டிய பழக்கம்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. துணிப்பை என்ற காரணத்தாலேயே ஒரு பை நன்மை தருவதாகிவிடாது. பருத்தியை விளைவிக்க நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்னாற்றல் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பத்தைக் கூட்டும் அளவில், ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஒரு பருத்திப் பை நிகராக வேண்டுமானால், அதனை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் இருமுறை சந்தைக்கு எடுத்துச் சென்றால் ஏறத்தாழப் பதினைந்து மாதங்கள்! விழாதோறும் புதிய பைகளை வாங்கிப் பெயர் அச்சிட்டு வழங்கி, அவை அலமாரியில் அடுக்கப்பட்டுக் கிடப்பதைப் பார்த்து மகிழ்வது எவ்வகை அறம்? அவற்றுள் பல, துணிபோலத் தோன்றினும், பாலிபுரொப்பிலீன் எனும் பிளாஸ்டிக்கால் ஆன, நெய்யப்படாத பைகள் என்பதையும் நாம் உணரவேண்டும்.

ஆதலின் நாம் வலியுறுத்துவது வீட்டில் உள்ள துணியில், வீட்டிலேயே தைக்கப்படும் கைப்பையை. மிஞ்சிய காடாத் துண்டு, பழைய படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஆகியவை இதற்கு ஏற்றவை. புதிய காடாத் துணியாயின், ஓர் இரவு நீரில் ஊறவைத்து, கஞ்சி நீங்க அலசி, உலர்த்தித் தேய்த்த பின்னரே வெட்டவேண்டும். இல்லையேல் முதல் சலவையில் பை சுருங்கிக் கோணலாகும்.

36 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் கொண்ட துண்டை, நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு இரண்டாக மடித்து, இரு ஓரங்களையும் கால் அங்குலம் விட்டுத் தைக்கவேண்டும். பிசிரைக் கத்தரித்து, பையை உட்புறம் வெளியாகத் திருப்பி, அவ்வோரங்களையே மீண்டும் ஒரு தையல் இட்டால், பிசிர் உள்ளே அடங்கும். ஓரமும் எளிதில் பிரியாது. அடியின் இரு மூலைகளையும் முக்கோணமாகப் பிடித்துக் குறுக்கே தைத்தால் பைக்குத் தட்டையான அடிப்பாகம் கிடைக்கும். வாயை ஒன்றரை அங்குலம் மடித்துத் தைக்கவேண்டும். கைப்பிடிக்கு 24 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை நான்காக மடித்துத் தைத்து, பையின் வாயோரத்தில் பொருத்த வேண்டும். பொருத்தும் இடத்தில் சதுரமாக ஒரு தையலும், அதனுள் பெருக்கல் குறிபோல் ஒரு தையலும் இடுதல் நன்று. பாரம் முழுவதும் அங்கேதான் தாங்கப்படுகிறது. பெரும்பாலான பைகள் முதலில் அறுவதும் அங்கேதான். தையல் இயந்திரம் இல்லாதோர் கையூசியால் நெருக்கமான பின்தையல் இட்டும் இதனை முடிக்கலாம்.

இவ்வளவும் செய்து முடிப்பவர், பை ஒன்றை மட்டும் பெறுவதில்லை. உழைப்பின் அருமையையும் அறிகிறார். வணிகர் தரும் பாவையும் நூலையும் பெற்றுக் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள், கூலி உயர்வு வேண்டி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் தறிகளை நிறுத்திப் போராடினர். துணியைக் கடையில் மட்டுமே கண்டவருக்கு அது செய்தித்தாளில் ஒரு செய்தி. ஒரு பட்டையையேனும் நேராகத் தைக்க முயன்றவருக்கு, ஒரு மீட்டர் துணிக்குள் எத்தனை பேருடைய நேரம் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுக்கும் பெண்களிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேச அவருடைய நா எழாது.

தையல் பெண்களுக்கே உரியது என்பாரும் உளர். கடைவீதித் தையற்கடைகளில் ஆடவர் தைப்பதைக் காணும் நாம், வீட்டுக்குள் மட்டும் அதனைப் பெண்ணின் வேலையாக்கியது முறையன்று. மாணவரும் மாணவியரும் ஒருங்கே கற்கத்தக்க கலை இது.

எனவே மூன்று செயல்களை முன்வைக்கிறோம். மாணவச் செல்வங்கள் விடுமுறையில் ஆளுக்கு ஒரு பை தைத்து, அதனையே நூல்கள் கொண்டுவரப் பயன்படுத்துவார்களாக. ஆசிரியப் பெருமக்கள், கருத்தரங்குகளில் புதிய பை வழங்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அவரவர் பையோடு வரச்செய்வார்களாக. ஊர்ப் பெரியவர்கள், திருமணங்களில் பை வழங்கியே ஆகவேண்டுமெனில், உள்ளூர்ப் பெண்கள் உறுதியாகத் தைத்த பைகளை, அவர்கள் சொல்லும் விலை கொடுத்து வாங்கி, தேவையான அளவே வழங்குவார்களாக.

பிறர் உடுக்கத் துணி நெய்யும் ஊர், தன் கைக்கு ஒரு பை தைத்துக்கொள்ளுதல் அரிய செயலன்று. அப்பையைக் கிழியும்வரை சுமப்பதிலும், கிழிந்தால் ஒட்டுப்போட்டு மீண்டும் சுமப்பதிலும் நாம் நாணவேண்டியது யாதொன்றும் இல்லை.