இரண்டு மாத்திரை போதும் என்று நினைத்தேன்

இன்று எழுதப்போவது நம் வீடுகளில் சத்தமாகப் பேசாத ஒரு விஷயம்.

சென்ற கோடையில் என் மனைவிக்கு நீர்க்கடுப்பு வந்தது. என்னிடம் சொன்னதே மூன்றாம் நாள்தான். "ஒண்ணுமில்லைங்க, உடம்புச் சூடு" என்று இளநீரும் வெந்தயமுமாகச் சமாளித்திருக்கிறாள். நான் ஒரு மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே செஃபிக்சைம் நான்கு மாத்திரை வாங்கி வந்தேன். இரண்டு போட்டதும் எரிச்சல் குறைந்தது. மீதியை டப்பாவில் வைத்தோம். அடுத்த மாதம் மறுபடி வந்தபோது அதைப் போட்டாள். மூன்றாம் முறை குளிர் காய்ச்சல், விலாப்பக்கம் வலி. விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூருக்குக் கார் பிடித்து ஓடினோம்.

யூரின் கல்ச்சர் முடிவில் ஈ.கோலை என்ற கிருமி. மருந்துப் பட்டியலில் பல பெயர்களுக்கு எதிரே 'ஆர்' என்ற எழுத்து. "ரெசிஸ்டன்ட். இந்த மருந்துகளுக்கு இந்தக் கிருமி சாகாது" என்றார் மருத்துவர். பிறகு ஏழு நாள் ஊசி. என் மாத்திரையால்தான் இப்படி ஆனது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அரைகுறையாக மருந்து கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார்.

2012-இல் மருத்துவர்கள் சென்னையில் கூடி, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தக் கேட்டார்கள். 2014 மார்ச் முதல் 'எச்1' விதி வந்தது. செஃபிக்சைம் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும்; மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். காலமெல்லாம் பதிவேடு எழுதிச் சம்பளம் வாங்கிய குமாஸ்தா நான். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. விதியை மீறச் சொல்லிக் கேட்டவன் நான்தானே?

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரான்ஸில் 2002-இல் ஒரு வாசகத்தை ஊரெங்கும் பரப்பினார்கள்: "லெ ஸான்டிபியோத்திக், செ பா ஒத்தோமாத்திக்". ஆன்டிபயாடிக் என்பது எடுத்த எடுப்பில் போடுவதல்ல என்று பொருள். ஐந்து வருடத்தில் அங்கே இந்த மருந்துகளின் உபயோகம் சுமார் கால் பங்கு குறைந்தது. சட்டம் மட்டும் போதாது, சனங்களும் மாறவேண்டும் என்பதற்கு இது சாட்சி.

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு. கிருமி எளிதில் ஏறிவிடும். மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் சுலபம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கல்யாண வீட்டிலும் பஸ் பயணத்திலும் கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள்தான். அதைக் கவனிக்கவேண்டியது ஆண்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்றே சொல்வேன். மனைவி முகம் சுளித்தால் நீங்களே கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அடிக்கடி வருகிறதென்றால், முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மருந்தை அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

எங்கள் வீட்டு டப்பாவில் இப்போது மீதி மாத்திரை கிடையாது.