முடியாதுன்னு யார் சொன்னது?

3 ∤ 10. இந்த வரியை நம்மாளுங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? "பத்தை மூணால வகுக்க முடியாது." டியூஷன் நோட்ஸ்லயும் இதுதான், கரும்பலகையிலயும் இதுதான்.

ஏன் சாமி முடியாது? 10 அடி கயிறு ஒண்ணு எடுங்க. மூணு சமத் துண்டா வெட்டுங்க. துண்டுக்கு 3 அடி 4 அங்குலம். மிச்சம் ஒரு நூல்கூட இல்லை. முடிஞ்சுதா இல்லையா?

∤ சொல்றது வேற. 3-ஐ எந்த முழு எண்ணால பெருக்கினாலும் 10 வராது; 9 வரும், அடுத்தது 12 வரும். அவ்ளோதான் விஷயம். இதைச் சொல்ல நம்மகிட்டயே அழகான வார்த்தை இருக்கு: "3, 10-இன் காரணி அல்ல." குறியீடு எந்த வரிசையில இருக்கோ அதே வரிசையில வாசிச்சாச்சு. குழப்பமே இல்லை.

இன்னொரு கொடுமை, இதை அச்சடிக்கும்போது 3/10-ன்னு சாய்கோடா மாத்திடறது. 3/10 ஒரு எண். 3 ∤ 10 ஒரு வாக்கியம். சரியா தப்பான்னு கேட்கலாம். எண்ணைப் பார்த்து அப்படிக் கேட்க முடியுமா? வினைச்சொல்லையே பிடுங்கிட்டு மீதியைப் படின்னா பையன் என்னத்தைப் படிப்பான்?

"வார்த்தையில என்னய்யா இருக்கு, மார்க் வந்தா போதாதா"ன்னு ஒரு கோஷ்டி வரும். அவங்களுக்குப் பூஜ்யத்தைக் காட்டறேன். 5-ஐ 0-ஆல வகுக்கறது நிஜமாவே முடியாது. பத்தை மூணால வகுக்கறதுக்கும் அதே "முடியாது"ன்னா, ரெண்டும் ஒண்ணுன்னுதானே பிள்ளை நினைக்கும்? காரணின்னு யோசிங்க. 0-வை எதால பெருக்கினாலும் 5 வராது. அதனால 0 ∤ 5 சரியான வாக்கியம். 5-ஐ 0-ஆல பெருக்கினா 0. அதனால 5, 0-க்குக் காரணி. வகுத்தலே இதுல கிடையாது.

நிரல் எழுதறவங்க "மீதி பூஜ்யம் இல்லைன்னு எழுதினா ஆச்சு, தனிக் குறியீடு எதுக்கு"ம்பாங்க. பைத்தானில் 5-ஐ 0-ஆல வகுத்து மீதி கேட்டுப் பாருங்க, பிழைன்னு கத்தும். 0 ∤ 5 கத்தாது :-)

இது வெறும் அலங்காரமும் இல்லை. 1640-இல் ஃபெர்மா சொன்ன சிறு தேற்றம்: ஒரு பகா எண் இன்னொரு எண்ணுக்குக் காரணியா இல்லைன்னா, அந்த எண்ணைப் பகா எண்ணுக்கு ஒண்ணு கம்மியான அடுக்குக்கு உயர்த்தி, பகா எண்ணால வகுத்தா மீதி 1. 7 ∤ 10. அதனால 10-இன் 6-ஆம் அடுக்கு, அதாவது பத்து லட்சத்தை 7-ஆல வகுங்க. 142857 தடவை போக மீதி 1. பத்துக்குப் பதிலா 14 போடுங்க: மீதி 0, தேற்றம் காலி. அந்தச் சின்னக் கோடுதான் தேற்றத்தையே தாங்கிட்டு நிக்குது.

ஆசிரியப் பெருமக்களே, "முடியாது"ங்கிற வார்த்தையை 0-ஆல வகுக்கறதுக்கு மட்டும் பத்திரமா வச்சுக்கங்க. இங்க "காரணி அல்ல" போதும்.

பி.கு: லாடெக்கில் 'நாட்', 'மிட்'னு ரெண்டு கட்டளையா அடிச்சா கோடு கோணலா விழும். அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் குறியீட்டுத் தொகுப்பில் 'என்மிட்'னு ஒரே கட்டளை இருக்கு. அதைப் போடுங்க.